ஆதியாகமத்தில் டைனோசர் ஏன் இல்லை?

கேள்வி இதுதான். தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் சிருஷ்டித்தார் என்று வேதம் சொல்கிறது. ஆதாமிலிருந்து வரும் வம்சவரலாறுகளைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 6,000 வருடம்தான் வருகிறது. டைனோசர்களோ 6.6 கோடி வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டன என்று அறிவியல் பாடம் சொல்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டுமா? வேதத்தில் டைனோசரைப் பற்றி எங்கேயாவது இருக்கிறதா?

நான் ஒரு விசுவாசி, நிலவியல் படித்தவன். வேதத்தில் டைனோசர் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் பதில். பூமிக்கு சுமார் 454 கோடி வயது என்று ஏற்றுக்கொள்வதால் ஆதியாகமத்தின் ஒரு வசனத்தையும் கிழித்துப் போட வேண்டியதில்லை. அதை எந்தக் கேள்வியோடு வாசிக்கிறோம் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் பாறைகளின் பக்கம். "விஞ்ஞானிகள் குத்துமதிப்பாக ஏதோ சொல்கிறார்கள்" என்று சபைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது குத்துமதிப்பு இல்லை. டைனோசர் எலும்புக்கு கார்பன் முறையில் வயது பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கார்பன்-14 சுமார் 5,730 வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 50,000 வருடத்துக்கு மேல் போனால் அளக்க அதில் மிச்சமே இருக்காது. அதனால் டைனோசருக்கு அந்த முறையை யாரும் பயன்படுத்துவதில்லை. எலும்பு கிடைத்த அடுக்குக்கு மேலும் கீழும் இருக்கும் எரிமலைச் சாம்பலைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சாம்பலில் உள்ள சிர்கான் என்ற சிறு படிகங்களில் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி வருடம் ஆகும். பொட்டாசியம் ஆர்கானாக மாறுவது இதோடு சம்பந்தமில்லாத இன்னொரு கடிகாரம், அது பாதியாக 125 கோடி வருடம். வெவ்வேறு வேகத்தில் ஓடும் கடிகாரங்கள் ஒரே சாம்பல் அடுக்குக்கு ஒரே வயதைக் காட்டும்போது, எல்லாமே ஒரே அளவுக்குத் தவறாக ஓடுகின்றன என்று சொல்வது கடினம்.

"அந்த வேகம் பழைய காலத்தில் வேறாக இருந்திருக்கலாமே?" நியாயமான கேள்விதான். இதற்கு வானத்திலிருந்தே ஒரு பதில் உண்டு. 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி நமக்கு வந்து சேர்ந்தது. அது இருந்த இடம் பெரிய மெகல்லன் மேகம், சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரம். வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 சிதையச் சிதைய அந்த ஒளி எப்படி மங்கியது என்று வானியலாளர்கள் அளந்தார்கள். இன்று ஆய்வகத்தில் கோபால்ட் எந்த வேகத்தில் சிதைகிறதோ, அதே வேகம்தான். அதாவது 1,68,000 வருடங்களுக்கு முன்பும் இயற்கையின் நியமம் இதேதான். கர்த்தர் தம்முடைய நியமங்களை மாற்றாமல் காக்கிறார் என்று நம்புகிற நமக்கு இது ஆச்சரியம் தர வேண்டியதில்லை.

இங்கே சிலர், தேவன் எல்லாவற்றையும் ஏற்கனவே வயதானது போலவே படைத்தார் என்கிறார்கள். ஆதாம் குழந்தையாக இல்லாமல் வளர்ந்த மனிதனாக வந்தது போல, பூமியும் பழையதாகவே வந்தது என்பது அவர்கள் வாதம். பிலிப் காஸ் என்ற இயற்கையியலாளர் 1857-லேயே இதை முன்வைத்தார். அவர் நல்ல விசுவாசி, ஆனால் விசுவாசிகளே அதை ஏற்கவில்லை. ஏன் என்று பாருங்கள். பூமிக்கு வயது 6,000 வருடம்தான் என்றால், 1987-ல் நாம் பார்த்த வெடிப்பு நடக்கவே இல்லை. நடக்காத ஒரு சம்பவத்தின் படத்தை தேவன் ஒளியாக எழுதி அனுப்பினார் என்றாகிறது. "சூ" என்று பெயர் வைத்திருக்கும் பிரபலமான டைரனோசரின் எலும்புக்கூட்டில் விலா எலும்புகள் முறிந்து மறுபடி கூடிய தழும்பு இருக்கிறது. அந்த விலங்கு வாழவே இல்லை என்றால், படாத காயத்துக்கு ஆறிய தழும்பை யார் வரைந்தது? தேவன் பொய்யுரையாதவர் என்று தீத்து நிருபம் சொல்கிறது. அவருடைய பாறைகளும் பொய் சொல்லாது என்றுதான் நான் நம்புகிறேன்.

அடுத்து ஜலப்பிரளயம். புதைபடிவங்கள் எல்லாமே நோவா காலத்து வெள்ளத்தில் புதைந்தவை என்று இன்றும் பரவலாகப் போதிக்கப்படுகிறது. இது ஏதோ சபையின் ஆதிகால நம்பிக்கை, டார்வின் வந்துதான் அதைக் கெடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. டைனோசர் ஒன்றுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் வில்லியம் பக்லண்ட், 1824-ல், மெகலோசாரஸ் என்று. அவர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர். குகைகளில் கிடைத்த எலும்புகளை ஜலப்பிரளயத்துக்குச் சாட்சி என்று 1823-ல் எழுதியவரும் அவரே. மேலும் ஆராய்ந்த பிறகு அதைக் கைவிட்டார். இன்னொரு குருவானவர் ஆடம் செட்ஜ்விக், 1831-ல் லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று, தன் பழைய வெள்ளக் கொள்கையை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். டார்வினின் நூல் வந்தது 1859-ல். அதற்குக் கிட்டத்தட்ட 30 வருடம் முன்பே, ஜெபிக்கிற மனிதர்கள், பாறையை நேர்மையாகப் பார்த்து இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்று நாம் கேட்கும் வெள்ள நிலவியல் 1920-களில் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் எழுதியதிலிருந்து வளர்ந்து, 1961-க்குப் பிறகுதான் சபைகளில் பெரிதாகப் பரவியது.

பாறையில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துப் புதைத்திருந்தால் எல்லாம் கலந்து கிடக்க வேண்டும். ஆனால் டைனோசர் அடுக்கில் ஒரு மாடோ யானையோ மனிதனோ கிடைத்ததே இல்லை. எடை குறைந்தது மேலே, கனமானது கீழே என்ற விளக்கமும் ஒத்துவரவில்லை, ஏனென்றால் சின்ன டைனோசரும் பெரிய டைனோசரும் அதே அடுக்குகளில்தான் கிடக்கின்றன. காற்றில் பறக்கும் மகரந்தத்தூள் கூட வரிசை மாறவில்லை. பூக்கும் தாவரங்களின் மகரந்தம் கீழ் அடுக்குகளில் இல்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் மையாசாரா என்ற டைனோசர் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகள் அந்தக் கூட்டிலேயே வளர்ந்த தடயங்கள் கிடைத்தன. உலகத்தையே மூடிய வெள்ளத்தின் நடுவில் எந்த விலங்கு நிதானமாகக் கூடு கட்டும்?

டெக்சாஸில் பலுக்ஸி ஆற்றுப்படுகையில் மனிதனுடைய பாதமும் டைனோசருடைய பாதமும் சேர்ந்து பதிந்திருக்கிறது என்ற செய்தி இன்னும் சுற்றி வருகிறது. 1980-களில் நன்றாகச் சுத்தம் செய்து பார்த்தபோது அவை நீண்டுபோன டைனோசர் தடங்கள் என்று தெரிந்துவிட்டது. பெரிய படைப்புவாத அமைப்புகள் பலவுமே அதைச் சாட்சியாகக் காட்டுவதை நிறுத்திக்கொண்டன. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.

டைரனோசர் எலும்புக்குள் மென்மையான திசு கிடைத்த செய்தியும் அப்படித்தான். 2005-ல் அதை அறிவித்தவர் மேரி ஷ்வைட்சர். அவர் கிறிஸ்தவர். அந்த விலங்கின் வயது சுமார் 6.8 கோடி வருடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பூமிக்குச் சில ஆயிரம் வருடம்தான் வயது என்ற இளம்பூமி வாதத்துக்குத் தன் கண்டுபிடிப்பை ஆதாரமாக்குவதை அவர் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்.

இனி, பூமியின் வயதை ஏற்றுக்கொண்டே ஆதியாகமத்தோடு பொருத்தப் பார்த்தவர்கள். 1814-ல் தாமஸ் சால்மர்ஸ் என்ற ஸ்காட்லாந்து போதகர், முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது, பழைய உலகம் ஒன்று அந்த இடைவெளியில் வந்து போயிற்று என்றார். 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாக இது நிறையப் பேரிடம் சேர்ந்தது. வசனத்தில் இல்லாத ஒரு முழு உலகத்தை அந்த இடைவெளியில் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாறையிலும் அப்படியொரு முழு அழிவும் புது ஆரம்பமும் தெரிவதில்லை.

இன்னொன்று, ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்ற விளக்கம். இது பலருக்கும் பிடித்த விளக்கம், "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல" என்று பேதுருவும் சொல்கிறாரே என்பார்கள். ஆனால் வரிசை ஒத்துவராது. ஆதியாகமத்தில் கனிமரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், கடல் உயிர்களும் பறவைகளும் ஐந்தாம் நாள், தரை விலங்குகள் ஆறாம் நாள். பாறையில் பார்த்தால் மீன்கள் வந்து பல கோடி வருடங்களுக்குப் பிறகுதான் பூத்துக் காய்க்கும் தாவரங்கள் வருகின்றன. பறவைகளோ தரையில் நடந்த டைனோசர்களின் வழியில் வந்தவை. 1996-ல் சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர் இறகுபோன்ற இழைகளோடு கிடைத்த பிறகு இதில் சந்தேகம் மிகவும் குறைந்துவிட்டது. யுகக் கணக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேதத்தையும் வளைக்க வேண்டும், பாறையையும் வளைக்க வேண்டும்.

பிகெமோத்? யோபு 40-ல் வருகிற அந்த விலங்கு தன் வாலைக் கேதுருமரம்போல் நீட்டும் என்று இருப்பதால், அது நீள்கழுத்து டைனோசர் என்கிறார்கள். முழுப் பகுதியையும் வாசியுங்கள். அது மாட்டைப்போல் புல் தின்கிறது, நாணல்களின் மறைவில், சேற்று நிலத்தில் படுத்துக்கிடக்கிறது, நதி பெருகினாலும் பயப்படுவதில்லை. நீர்யானை என்று பல உரையாளர்கள் சொல்வது இதனால்தான். அதற்கும் மேலே, யோபுவைப் பார்த்து "அதைக் கவனித்துப்பார்" என்று கர்த்தர் சொல்கிறார். யோபுவுக்குத் தெரிந்த ஒன்றாக, அல்லது அவன் காலத்தவர் கேள்விப்பட்ட ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

சரி, அப்படியானால் ஆதியாகமம் 1 என்னதான் சொல்கிறது?

அந்த அதிகாரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் மூன்று நாள் இடங்கள் பிரிக்கப்படுகின்றன: வெளிச்சமும் இருளும், வானமும் தண்ணீரும், நிலமும் தாவரமும். அடுத்த மூன்று நாள் அதே வரிசையில் அந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன: சூரிய சந்திரர், பறவையும் மீனும், விலங்கும் மனிதனும். ஒழுங்கின்மையும் வெறுமையும் என்று இரண்டாம் வசனம் சொன்ன இரண்டு குறைகளையும் ஆறு நாட்கள் அழகாகத் தீர்க்கின்றன. ஏழாம் நாளில் மட்டும் "சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி" என்ற வரி வருவதில்லை. இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால் வரிசையே மாறுகிறது, அங்கே செடிகள் முளைப்பதற்கு முன்பே மனிதன் உருவாக்கப்படுகிறான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? கால வரிசையைக் குறித்து வைப்பது அவர் நோக்கமாக இருந்திருந்தால், இரண்டையும் ஒத்துப்போகும்படி செய்திருப்பார்.

அந்த வார்த்தைகளை முதலில் கேட்ட ஜனங்களைச் சுற்றி எப்படிப்பட்ட உலகம் இருந்தது என்றும் பார்க்க வேண்டும். பாபிலோனின் படைப்புக் கதை எழுதப்பட்ட களிமண் பலகைகள் நினிவேயில் கிடைத்தன, ஜார்ஜ் ஸ்மித் 1876-ல் அவற்றை வெளியிட்டார். அந்தக் கதையில் தேவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுகிறார்கள். தோற்றுப்போன தேவியின் உடலைப் பிளந்து வானம் செய்கிறார்கள். தேவர்களுடைய வேலையைச் சுமப்பதற்காக மனிதன் உண்டாக்கப்படுகிறான். ஆதியாகமம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. சண்டை இல்லை, ஒருவர் பேசுகிறார், ஆகிறது. பாபிலோனியர் வணங்கிய சூரியனும் சந்திரனும் இங்கே பெயர்கூடச் சொல்லப்படாமல் "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்று மாட்டப்பட்ட விளக்குகளாகிவிடுகின்றன. அடிமையாக இருக்கப் படைக்கப்பட்டவன் என்று சொல்லப்பட்ட மனிதன் இங்கே தேவசாயல். இதைச் சொல்லவே அந்த அதிகாரம் எழுதப்பட்டது. இதில் டைனோசரைத் தேடும்போது, அது உரக்கச் சொல்வதைக் கேட்காமல் கடந்து போய்விடுகிறோம்.

இது விஞ்ஞானத்துக்குப் பயந்து இப்போது கண்டுபிடித்த வியாக்கியானம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று கேட்டு, இது நேரடிப் பொருளில் எழுதப்படவில்லை என்றார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின், தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் உண்டாக்கினார், ஆறு நாட்கள் நம் சாதாரண நாட்கள் அல்ல என்று கருதினார். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி அவிசுவாசிகளுக்கே நன்றாகத் தெரிந்த விஷயத்தில், வேதத்தின் பெயரால் கிறிஸ்தவன் தப்பாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்றும் அவர் எச்சரித்தார். பசிலைப் போல சாதாரண நாட்களாகவே வாசித்த பிதாக்களும் உண்டு. ஆதிச்சபையில் இரண்டு விதமான வாசிப்புக்கும் இடம் இருந்தது என்பதுதான் முக்கியம். ஜேம்ஸ் அஷர் 1650-ல் கி.மு. 4004 என்று கணக்குப் போட்டது உழைப்பாலும் படிப்பாலும் வந்த கணக்கு. ஆனால் அது ஒரு பேராயரின் கணக்கு, வேதவசனம் அல்ல.

"தேவன் செய்தாரா, இயற்கையாக நடந்ததா?" என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பழக்கமும் வேதத்தில் இல்லை. தாயின் கர்ப்பத்தில் கர்த்தரே தன்னை உருவாக்கினார் என்று தாவீது 139-ஆம் சங்கீதத்தில் பாடுகிறார். கரு எப்படி வளர்கிறது என்று மருத்துவர் விளக்கினால் அந்தச் சங்கீதம் பொய்யாகிவிடுவதில்லை. விலங்குகளைக் குறித்தும் ஆதியாகமத்தில் தேவன் பூமியைப் பார்த்து, அவற்றைப் பிறப்பிக்கும்படிதான் கட்டளையிடுகிறார். அண்டம் ஓர் ஆரம்பத்திலிருந்து விரிந்தது என்ற கொள்கைக்கு 1927-லும் 1931-லும் அடித்தளம் போட்ட ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். தன் கொள்கையை ஆதியாகமத்துக்கு நிரூபணமாகக் காட்ட வேண்டாம் என்பதில் அவரே கண்டிப்பாக இருந்தார்.

இனிமேல்தான் உண்மையிலேயே கனமான கேள்வி வருகிறது. பாவத்தினால் மரணம் வந்தது என்று பவுல் ரோமர் 5-ல் சொல்கிறார். டைனோசர்களோ மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே செத்துக்கொண்டிருந்தன. 1971-ல் கோபி பாலைவனத்தில் வெலாசிராப்டர், புரோட்டோசெராடாப்ஸ் என்ற இரண்டு டைனோசர்கள் சண்டையிட்டபடியே மணலில் புதைந்து கிடைத்தன. வெலாசிராப்டரின் நகம் மற்றதன் கழுத்தருகே, மற்றதன் வாயில் வெலாசிராப்டரின் கை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த சென்ட்ரோசாரஸ் என்ற டைனோசர் ஒன்றின் கால் எலும்பில் புற்றுநோய் இருந்ததை 2020-ல் உறுதி செய்தார்கள். ஏறக்குறைய 7.6 கோடி வருடம் முந்திய வேதனை அது. ஆதாம் செய்த பாவம் அதற்குக் காரணமாக முடியாது.

ரோமர் 5-ஐ நான் இப்படி வாசிக்கிறேன்: அங்கே பவுல் பேசுவது மனுஷர் எல்லாருக்கும் வந்த மரணத்தை, மிருகங்களின் மரணத்தை அல்ல. ஆதியாகமத்திலேயே, புசிக்கும் நாளில் சாவாய் என்று சொல்லப்பட்ட ஆதாம் 930 வருடம் வாழ்ந்தான். அன்றைக்கே நடந்தது தேவனை விட்டுப் பிரிந்த மரணம். தோட்டத்தில் ஜீவவிருட்சம் இருந்ததே, மனிதன் இயல்பிலேயே சாகாதவனாக இருந்தால் அது எதற்கு? சங்கீதம் 104-ல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன, அது சாபமாகச் சொல்லப்படவில்லை, துதியாகப் பாடப்படுகிறது. யோபு 39-ல் கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன, கர்த்தர் அதைத் தம் ஞானத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்.

ஆதியாகமம் 1:30-ல் மிருகங்களுக்குப் பசும்பூண்டுகள் ஆகாரமாகக் கொடுக்கப்பட்டதே என்று கேட்பீர்கள். இளம்பூமி தரப்பின் மிக வலுவான வசனம் இதுதான், அதை மறைக்கக் கூடாது. எல்லா உயிரின் உணவுக்கும் அடியில் தாவரமே இருக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து மேயும் என்று ஏசாயா கண்டதைப்போல, சிருஷ்டி எதை நோக்கிப் போகிறது என்பதை முதல் பக்கத்திலேயே காட்டும் சித்திரம் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த சென்ட்ரோசாரஸின் வலிக்கு இந்த விளக்கங்கள் முழு ஆறுதல் தராது. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பவுலே எழுதியிருக்கிறார். ஒரு அடைக்கலான் குருவிகூடப் பிதாவை அல்லாமல் தரையில் விழாது என்றார் இயேசு. குருவியும் டைனோசர் வழிவந்ததுதான் என்று தெரிந்த பிறகு, அந்த வார்த்தை எனக்கு மிகவும் பின்னோக்கி, மனிதனே இல்லாத காலம்வரை நீள்கிறது.

ஆதாமைப் பற்றியும் கேட்பீர்கள். இன்றைய மனிதரிடம் காணும் மரபணு வேறுபாடு இரண்டே பேரிடமிருந்து சில ஆயிரம் வருடங்களில் வந்திருக்க முடியாது. இதை ஏற்கும் விசுவாசிகளில் சிலர், தேவன் அழைத்து உடன்படிக்கை செய்த ஒரு நிஜ மனிதன், மனுக்குலத்தின் பிரதிநிதி என்று ஆதாமைப் பார்க்கிறார்கள். வேறு சிலர், ஒவ்வொரு மனிதனின் கதையையும் தன்னில் சுமக்கும் உருவமாகப் பார்க்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1950-லேயே மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றது, ஆனால் ஆதாம் விஷயத்தில் எச்சரிக்கையாகவே பேசியது. நான் முதல் தரப்புக்குச் சாய்கிறேன். பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் அடுத்தடுத்து நிறுத்துகிறாரே, அந்த வாதத்துக்கு அது நெருக்கமாக இருக்கிறது. இரண்டாவது தரப்பாரும் வேதத்தை நேசிப்பவர்கள்தான்.

உங்கள் போதகரோ பெற்றோரோ ஆறு நாள், ஆறாயிரம் வருடம் என்று உறுதியாக நம்பினால் அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் காக்க நினைப்பது வேதத்தின் மேலுள்ள மரியாதையை, அது நல்ல காரியம். ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் "டைனோசரை நம்பினால் இயேசுவை நம்ப முடியாது" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் அருங்காட்சியகத்தில் அந்த எலும்புகளுக்கு முன்னால் நிற்கும்போது, நாமே கட்டாயப்படுத்திய தேர்வைச் செய்துவிடும். நற்செய்தியை ஏற்பதற்கு பூமியின் வயதை நிபந்தனையாக அப்போஸ்தலர்கள் யாரும் வைக்கவில்லை, நாமும் வைக்க வேண்டாம்.